குதிரைப் போட்டிக்கு என்ன செலவாகும்? டிரஸாஜ், ஜம்பிங், எண்டியூரன்ஸ், வெஸ்டர்ன்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

நானுஓயா அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. சில வருடங்களாக நுவரெலியா டவுனுக்குப் பக்கத்தில் ஒரு லாயத்தில் சவாரி பழகுகிறாள். இப்போது போட்டிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். லாயத்து முதலாளி, ரேஸில் ஓடி நிறுத்திய ஒரு தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) பெட்டைக் குதிரையைக் காட்டி, "பராமரிப்பை நீங்கள் பார்த்துக்கொண்டால் பிள்ளையிடமே விட்டுவிடுகிறேன்" என்கிறார். குதிரைக்கென்று காசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வரும் செலவுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் டிரஸாஜ்தான் (குறித்த அசைவுகளைக் குதிரை வரிசையாகச் செய்துகாட்டுவது) மலிவு என்கிறார். மகளுக்குத் தடை தாண்டும் ஜம்பிங் மேல் ஆசை. மத்தில்டா கார்ல்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரையோடு இறங்கியதைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை அது. யூடியூபில் பார்த்தால் அமெரிக்காக்காரர்கள் வெஸ்டர்ன் என்று தொப்பியும் பூட்ஸுமாக வேறொன்று செய்கிறார்கள். எதற்கு எவ்வளவு போகும்? எனக்கு மரக்கறி வியாபாரம். சொந்த லொறி இருக்கிறது. அதில் குதிரையை ஏற்றலாமா என்றும் சொல்லுங்கள்.

கனடா மலையகத்தாள்

அண்ணன், நான் பிறந்தது தலவாக்கலை, இருப்பது கனடாவில். என் மகள் இங்கே ஹண்டர் பிரிவில் ஓடுகிறாள். அதனால் இந்தப் பக்கத்துக் கணக்கை என்னால் சொல்ல முடியும்.

வட அமெரிக்காவில் காசைக் கரைப்பதில் ஹண்டர்தான் முன்னால் நிற்கும். அதுவும் தடை தாண்டுவதுதான், ஆனால் நேரத்தைப் பார்க்க மாட்டார்கள். குதிரை எப்படி நடக்கிறது, எவ்வளவு அழகாக, ஒரே தாளத்தில் தாண்டுகிறது என்று நடுவர் பார்ப்பார். அப்படியென்றால் பிறவியிலேயே அழகாக அசையும் குதிரை வேண்டும். அந்தக் குதிரையின் விலையிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். பிறகு பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்ன ஒரு ஆள், அதுவும் விடியற்காலையில் வந்து பின்னுவார். பயிற்சியாளருக்கு நாள் கூலி, அவருடைய ஹோட்டல் செலவில் நம் பங்கு, போட்டி நடக்கும் இடத்தில் லாய வாடகை, லொறிக் கூலி. எல்லாம் தனித்தனி பில். குளிர்காலத்தில் வசதியுள்ளவர்கள் குதிரையையும் கூட்டிக்கொண்டு புளோரிடாவுக்கே போய்விடுவார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே வாரா வாரம் போட்டி.

வெஸ்டர்ன் பிளெஷர் என்பதில் குதிரை மெதுவாக, தலையைத் தாழ்த்திப் போகும். வெளியிலிருந்து பார்க்க எளிமை. கிட்டப் போய்ப் பாருங்கள், சேணத்தின் மூலைகளில் வெள்ளித் தகடு, சட்டையில் கல் பதித்திருக்கும். உடுப்புக்கே பெரிய தொகை போகும். ரெய்னிங் வேறு மாதிரி. குதிரை பாய்ந்து வந்து பின்னங்கால்களால் சறுக்கி நிற்க வேண்டும். அதற்குப் பின்னங்கால்களுக்குத் தட்டையான, அகலமான தனி லாடம். மண்ணும் அதற்கென்றே பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரையின் கால் போய்விடும்.

உங்கள் மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆரம்ப நிலை டிரஸாஜுக்குக் கட்டணம் குறைவு, ஒரு சுற்று ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும், குதிரைக்கும் அடிபடும் ஆபத்து குறைவு. மேலே போகப் போகத்தான் பயிற்சியாளர் செலவு ஏறும்.

மூன்றாம் தலைமுறை

நான் நுவரெலியாவில் லாயத்தில் வேலை செய்கிறவன். தாத்தா தோட்டத்துத் துரையின் குதிரையைப் பார்த்தவர், அப்பா ரேஸ்கோர்ஸில் வேலை பார்த்தார். அக்கா எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கிறான், அவனுக்கு பில் போடலாம். இங்கே ஆள் கிடைப்பதே பெரிய பாடு. அதனால் நம் கணக்கை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ரூபாயில் எழுத மாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மாதத்தில் 360க்குப் போனபோது வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றின் விலையும் மாறிவிட்டது. அன்றைக்கு எழுதி வைத்த கணக்கு மறு மாதமே உதவவில்லை. அளவைச் சொல்கிறேன், அன்றைய விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், ஐயா. வியாபாரி உங்களுக்கு அது சுலபம்.

450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீனி 9 கிலோ அளவில் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே பச்சையாக வெட்டிப் போட்டால் 45 கிலோ. வருடத்துக்கு 16 தொன். இதை யார் வெட்டுவது, யார் சுமப்பது என்று முதலில் கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து புல் கருகிவிடும். அந்த நேரம் குளிருக்குக் குதிரை அதிகமாகத் தின்னும், புல்லும் இருக்காது. தரோபிரெட் என்றால் தோல் மெல்லியது, நனைந்து நின்றால் ஒரே வாரத்தில் விலா எலும்பு தெரியத் தொடங்கும்.

லாடம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. வருடத்துக்கு எட்டு, ஒன்பது தடவை, தடவைக்கு நான்கு. லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மலையில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அவர் வரும் நாளுக்காக நாம் காத்திருக்க வேண்டும். ஆணியின் முனை குளம்புச் சுவருக்கு வெளியே வந்ததும் முறுக்கி ஒடித்து, மிச்சத்தைத் தட்டி மடக்குவார்கள். அந்த மடிப்பு தளர்ந்தால் தார் ரோட்டில் நடக்கும்போது சத்தத்திலேயே தெரியும். மூன்று அடி கெட்டியாக விழும், நாலாவது அடியில் ஒரு கிண்கிணிச் சத்தம் சேரும். அந்தச் சத்தம் கேட்ட அன்றே பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் லாடம் குளம்போடு பிய்ந்து வரும். பிறகு மாதக்கணக்கில் போட்டி இல்லை.

இதெல்லாம் எந்தப் பிரிவுக்கும் பொது. மகள் டிரஸாஜ் செய்தாலும் சரி, சும்மா கிரெகரி ஏரியைச் சுற்றி வந்தாலும் சரி, இந்தச் செலவு நிற்காது. போட்டி நாளில் கொடுக்கும் கட்டணம் இதற்குப் பக்கத்தில் சின்னத் தொகை.

இன்னொன்று. இதுவரை இங்கே யாரும் எழுதாதது. குதிரையைப் பார்த்துக்கொள்கிறவனின் சம்பளம். கனடாவில் அது தனி பில்லாக வருகிறது. இங்கே "பராமரிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

நானுஓயா அப்பா

அண்ணன், மிகவும் நன்றி. ஜம்பிங்குக்கு இதற்கு மேல் எவ்வளவு? லொறி விஷயமும்.

மூன்றாம் தலைமுறை

ஜம்பிங்கில் பெரிய செலவு குதிரையின் முன்னங்கால். தாண்டி இறங்கும்போது பாரம் முழுக்க அங்கேதான் விழும். ரேஸில் ஓடிய குதிரை என்றால் தசைநார் ஏற்கனவே உழைத்துத் தேய்ந்திருக்கலாம். காலை உருவிப் பார்க்கும்போது சூடோ, வீக்கமோ, கயிற்றில் முடிச்சு மாதிரியோ இருக்கிறதா என்று மிருக வைத்தியரைக் கூட்டிவந்து பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

சாமான் என்று பார்த்தால் கம்பும் தாங்கியும். கம்பை யூக்கலிப்டஸில் இங்கேயே செய்துகொள்ளலாம், மூன்றரை மீட்டர் நீளம் போதும். கம்பைத் தாங்கும் கிண்ணத்தில் மட்டும் காசைப் பார்க்கக் கூடாது. கால் பட்டதும் கம்பு விழ வேண்டும். அகலமான தடையின் பின்பக்கத்துக்கு, அழுத்தம் பட்டதும் கழன்றுவிடும் கிண்ணம் தனியாக இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். ஆணியில் மாட்டி வைத்த கம்பில் கால் சிக்கினால் குதிரையும் பிள்ளையும் சேர்ந்து விழுவார்கள்.

ஈவென்டிங் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம். டிரஸாஜ், ஜம்பிங், காட்டுவழி ஓட்டம் மூன்றும் சேர்ந்தது. இரண்டு சேணம், நெஞ்சுக் கவசம், பல ஏக்கர் நிலம். நம்மிடம் நிலமே இல்லை.

லொறி. ஏற்றலாம், ஆனால் இருக்கிறபடி ஏற்ற முடியாது. தரையில் ரப்பர் விரிப்பு ஆணி வெளியே தெரியாமல் பதிக்க வேண்டும். நடுவில் தடுப்பு வேண்டும். ஆனால் தடுப்பு ஒடுக்கமாகவும் இருக்கக் கூடாது, வளைவில் குதிரை காலை அகட்டி ஊன்றித்தான் தன்னைத் தாங்கும். றம்பொடை வளைவுகளில் மரக்கறிக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டினால் இறங்கும்போது குதிரை நடுங்கிக்கொண்டிருக்கும். தலையை உயரக் கட்டி வைத்துப் பல மணி நேரம் கொண்டுபோனால் மூக்கிலும் தொண்டையிலும் சேரும் சளி கீழே வடிய வழியில்லாமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சல் வரும். இடையிடையே நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும். கொழும்பில் போட்டி என்றால் 1,868 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்து வெக்கைக்கு இறங்குகிறோம். முதல் நாள் போய் மறு நாள் தாண்டச் சொல்வது பாவம். சில நாள் முன்னதாகவே போக வேண்டும். அங்கே லாயத்துக்கு வாடகை, கூடப் போகிறவனுக்குச் சாப்பாடு, படுக்க இடம். ஜம்பிங் செலவு என்று நான் சொல்வேனென்றால் இந்தப் பயணத்தைத்தான் சொல்வேன்.

லிந்துலை

மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக உயரவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. குதிரைக்கு 16 தொன் புல், வெளிநாட்டுக் கிண்ணம் என்று எழுதுகிறீர்கள். இது துரைமாரின் விளையாட்டு. நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

மூன்றாம் தலைமுறை

தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 1875இல் நுவரெலியாவில் ரேஸ்கோர்ஸ் வந்ததிலிருந்து அந்தக் குதிரைகளுக்குப் புல் வெட்டியது, சாணி அள்ளியது, இரவில் வயிற்று வலி வந்தால் விடியும் வரை கூட நடந்தது எல்லாம் நம் ஆட்கள்தானே. குதிரையைப் பற்றி இந்த மலையில் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் நமக்குத்தான் தெரியும். இந்த ஐயாவின் மகள் முதுகில் ஏறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவள் ஏறும்போது கீழே நிற்கிறவனுக்கும் ஒழுங்கான சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. வசந்த காலம் வந்தால் ஏப்ரல் முழுக்க வேலை, மழை தொடங்கினால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதில். இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. வேலை தெரிந்த பையன்கள் ஓட்டோ ஓட்டப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு எத்தனை வெளிநாட்டுச் சேணம் வாங்கி என்ன?

லிந்துலை

இதை யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன், அண்ணன். தொடருங்கள்.

பேராதனை மாணவி

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன். தீனி பற்றி ஒரு முக்கியமான விஷயம், இது செலவையும் தொடும்.

நுவரெலியா, அம்பேவெல பக்கம் நிறைய இருப்பது கிக்குயு புல். மாட்டுக்கு நல்லது. குதிரைக்கு அதை மட்டுமே கொடுத்தால் பிரச்சினை. அதில் இருக்கும் ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரையின் உடம்பில் சேராது. உடம்பு தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். நாள்பட முகத்து எலும்பு வீங்கும், அதற்கு முன்பே இடம் தெரியாத நொண்டல் வரும். லாடத்தைப் பழி சொல்லி மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள். இதோடு அரிசித் தவிட்டையும் கொட்டினால் இன்னும் மோசம், தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம். தாண்டும் குதிரைக்கு இது பெரிய ஆபத்து. கிக்குயுவோடு வேறு புல்லும் கலந்து, வைத்தியரிடம் கேட்டுக் கல்சியமும் சேர்த்தால் போதும். சுண்ணாம்புக்கல் தூள் மலிவான சாமான். எலும்பு கெட்ட பிறகு செலவழிப்பதோடு ஒப்பிடவே முடியாது.

தேங்காய்ப் புண்ணாக்கு கொடுக்கலாம், குதிரை எடை பிடிக்கும். ஆனால் புதியதாக இருக்க வேண்டும், பூஞ்சணம் பிடித்தது ஈரலைக் கெடுக்கும். உங்களுக்கு கரட் மிஞ்சும்போது கொஞ்சம் போடுங்கள், கோவாவும் (முட்டைக்கோஸ்) உருளைக்கிழங்கும் வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, வயிற்றில் தப்பாகப் போனது வெளியே வர வழியில்லை. ஏற்புவலிக்கு (டெட்டனஸ்) தடுப்பூசி, பூச்சி மருந்து, வருடத்துக்கு ஒரு தடவை பல் அராவுதல், இவை மூன்றையும் எந்தப் பிரிவானாலும் கணக்கில் எழுதுங்கள்.

வரவுப் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் சாணமும் மூத்திரமுமாகப் போடும். மரச்சீவலோடு மக்க வைத்தால் உரம். உங்களுக்குத் தோட்டக்காரர்கள் எல்லோரையும் தெரிந்திருக்குமே.

ஹப்புத்தளை

எண்டியூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே? உடுப்பு வேண்டாம், வெள்ளித் தகடு வேண்டாம், தடை வேண்டாம். தோட்டத்து ரோடு முழுக்க இருக்கிறது. தூரம் ஓடுவதுதானே. மலையகத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

பேராதனை மாணவி

படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உலக மட்டத்தில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வைத்தியர் நிறுத்திப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்காவிட்டால் குதிரை வெளியே. முதலில் வந்தும் இதில் தோற்றவர்கள் உண்டு. சாமான் செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் வைத்தியர்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும், பின்னால் தண்ணீரோடு ஒரு வாகனமும் ஆட்களும் வர வேண்டும். நடத்துகிறவர்களுக்குத்தான் பாரம்.

மூன்றாம் தலைமுறை

தார் ரோட்டில் இறக்கத்தில் ஓட்டினால் லாடம் மாதத்துக்கே தாங்காது. மண் ரோட்டில் மழைக்காலத்தில் சேறு, குளம்பின் நடுவில் ஈரம் தங்கி அழுகி நாறும். தினமும் கொக்கியால் சுரண்டிக் காய வைக்க வேண்டும். பழக்குவதற்கு நல்ல முறைதான், மெதுவாக மலை ஏறி இறங்கினால் குதிரைக்கு மூச்சும் காலும் பலமாகும். போட்டி என்று இங்கே நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கனடா மலையகத்தாள்

அண்ணன், டிரஸாஜை வீடியோவில் அனுப்பிப் போட்டி போடலாம், தெரியுமா? கொரோனா நேரத்தில் இங்கே நிறையப் பேர் அதற்குப் போனார்கள், இப்போதும் நடக்கிறது. குறித்த பாடத்தை 20க்கு 40 மீட்டர் இடத்தில் ஓட்டி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் போனில் பிடித்து அனுப்ப வேண்டும். நடுவர் ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி போட்டு, எங்கே பிழை என்று எழுதியும் அனுப்புவார். பெரிய போட்டிகளுக்கு 20க்கு 60 வேண்டும், ஆரம்பத்துக்குச் சின்னது போதும். லொறி இல்லை, ஹோட்டல் இல்லை, குதிரை தன் லாயத்திலேயே நிற்கும். பிள்ளைக்கு ஒரு நல்ல நடுவரின் கண் கிடைக்கும். எங்கள் ஹண்டர் செலவைப் பார்த்த எனக்கு இதை முதலில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானுஓயா அப்பா

அக்கா, இதை மகளிடம் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு ஜம்பிங்குக்கும் டிரஸாஜ்தான் அடிப்படை என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்னதாக அவளே சொன்னாள். ஒரு வருடம் இப்படிப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். சேணம் என்ன செய்வது?

மூன்றாம் தலைமுறை

டிரஸாஜுக்கென்று தனிச் சேணம் இப்போது வேண்டாம். ஆரம்ப நிலைக்குப் பொதுவான இங்கிலிஷ் சேணம் போதும். பழையது வாங்கினாலும் அந்தக் குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும், முதுகெலும்பில் படவே கூடாது. ரேஸ் குதிரைக்கு வேலை மாறினால் சில மாதத்தில் முதுகுத் தசையும் மாறும், திரும்பப் பஞ்சு அடைக்க வேண்டி வரும்.

நுவரெலியா ஈரத்தில் தோல் சாமான் வைத்திருப்பதே ஒரு வேலை. மழை மாதங்களில் இரண்டு நாள் தொடாமல் விட்டால் சேணத்தின் மடிப்புக்குள் பச்சையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். நாங்கள் சாமான் அறையில் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரிய விடுவோம், அந்தச் சூடு போதும். வயிற்று வாரின் தையலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். தோல் நன்றாக இருக்கும், நூல் உள்ளே இற்றுப் போயிருக்கும். விரலால் மடக்கிப் பிரித்துப் பாருங்கள், நூல் பொடிந்தால் அந்த வாரில் பிள்ளையை ஏற்றாதீர்கள். தலைக்கவசம் மட்டும் புதிதாக வாங்குங்கள், எவ்வளவு ஆனாலும்.

இடம்தான் இனி உங்களுக்குப் பெரிய செலவு. 20க்கு 40 என்பது 800 சதுர மீட்டர் சமதரை. இந்த மலையில் அது எங்கே கிடைக்கிறது? மண்ணை வெட்டி நிரப்பி, வடிகால் போட்டு எடுப்பது சேணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். அதற்கு இறங்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்கிற மைதானம் நானுஓயாப் பக்கம் இருந்தால் தோட்ட நிர்வாகத்திடமும் தோட்டத் தலைவரிடமும் கேட்டு, வார நாளில் காலையில் ஒரு மணி நேரம் எடுங்கள். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது. மழை பெய்த மறு நாள் இறங்காதீர்கள், குளம்பு பட்ட குழியில் அவர்களுக்குக் கால் புரளும்.

நானுஓயா அப்பா

அப்படி ஒரு மைதானம் இருக்கிறது. தலைவரை எனக்குத் தெரியும், நாளைக்கே பேசுகிறேன். லாயத்து முதலாளியிடம் என்ன பேச வேண்டும்?

மூன்றாம் தலைமுறை

வாயால் பேசாதீர்கள், தாளில் எழுதுங்கள். குதிரை யாருடையது, நோய் வந்தால் வைத்தியர் செலவு யாருடையது, பிள்ளை சவாரியை விட்டால் குதிரை எங்கே போகும். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். வேண்டாமென்று விட்ட குதிரைகள் டவுனில் குப்பைமேட்டில் மேய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதோடு, குதிரையைப் பார்க்கும் பையனுக்கு மாதம் எவ்வளவு, யார் கொடுப்பது, மழை மாதங்களிலும் உண்டா, லீவு எத்தனை நாள். இதைத் தீனிக்கும் லாடத்துக்கும் மேலே முதல் வரியாகப் போடுங்கள். முதலாளி மறுத்தால் நீங்கள் நேராகவே அவன் கையில் கொடுங்கள்.

நானுஓயா அப்பா

சரி அண்ணன், முதல் வரியாகவே எழுதுகிறேன். இந்தக் கிழமை வைத்தியரைக் கூட்டிப்போய் முன்னங்காலைக் காட்டுகிறேன். நீங்களும் கூட நிற்க முடியுமா? லாயம் எது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

மூன்றாம் தலைமுறை

வருகிறேன். காலையில் வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். நடந்து சூடான பிறகு நொண்டல் மறைந்துவிடலாம். முதலில் தார் ரோட்டில் நேராக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும்.